ஃபயர்வாலை அணைக்காமல் நெட் சிக்கலைத் தீர்ப்பது: அறிகுறி வாரியாக

மதுரையில் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, டவுன்ஹால் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை, கே.கே. நகரில் ஆடிட்டர் அலுவலகம், திருமங்கலத்தில் அரிசி மண்டி என்று இடம்தான் மாறும். போனில் வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, சர்வர் கிடைக்கல. ஃபயர்வாலை ஆஃப் பண்ணினோம், வந்துருச்சு. அப்படியே விட்டுட்டோம். ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகும். ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கில் யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்று பார்க்கும் காவல். அதை இரண்டு நிமிடம் நிறுத்திப் பார்ப்பது சோதனை. அப்படியே விட்டுவிடுவது, சாவி தொலைந்ததற்காகக் கடைக்குக் கதவே வேண்டாம் என்று கழற்றி வைப்பது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் உலகம் முழுக்கப் பரவியபோது அது நுழைந்த வாசல் 445-ஆம் போர்ட், அதாவது சிஸ்டத்தின் எண் போட்ட வாசல்களில் ஒன்று. விண்டோஸில் நாம் தினமும் ஃபைல் ஷேர் செய்கிற அதே வாசல். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அப்டேட் போடாமலும் 445-ஐத் திறந்து போட்டும் வைத்திருந்த சிஸ்டங்கள் மாட்டிக்கொண்டன. ஒரு சிஸ்டத்தில் ஏறியதும் அதே லேனில் (ஒரே இடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கில்) இருந்த அடுத்த சிஸ்டத்தை அது தானே தேடிப் போனது. கணக்கு, பில், பார்ட்டி லெட்ஜர் எல்லாம் ஒரே சிஸ்டத்தில் இருக்கும் கடைக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே. தடுக்கிற ரூல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு வாசலை மட்டும், வேண்டிய ஆளுக்கு மட்டும் திறக்க வேண்டும்.

எந்த வீதியில் நின்றது?

கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. நம் ஊர் இப்படிச் சுற்றுச் சுற்றாக எழும்பிய ஊர். கடை நெட்வொர்க்கும் அப்படித்தான். நடுவில் பில்லிங் மென்பொருள், அதைச் சுற்றி விண்டோஸ் ஃபயர்வால். அதற்கு மேல் ஆன்டிவைரஸ் கூடவே கொண்டுவந்த இன்னொரு ஃபயர்வால் இருக்கலாம். அடுத்த சுற்றில் சுவிட்சும் வைஃபையும், அதற்கடுத்து ரவுட்டர். அதற்கும் வெளியே இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் கருவிகள். வெளி வீதியில் நின்றுபோன வண்டிக்காக ஆடி வீதிக் கதவைத் திறந்து வைத்துப் பயனில்லை. முதல் வேலை, பாக்கெட் (அனுப்பிய தகவல் பொட்டலம்) எந்தச் சுற்றில் நின்றது என்று பார்ப்பதுதான்.

கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் சிஸ்டம் ரவுட்டரிடமிருந்து முகவரியே வாங்கவில்லை. விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபயர்வால் பக்கமே போகாமல் லேன் கேபிளின் கிளிப் உடைந்திருக்கிறதா, சுவிட்சில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முகவரி ஒழுங்காக இருந்தால் கேட்வே எண்ணுக்கு, அதாவது ரவுட்டருக்கு, ஒரு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங், கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங். கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லை என்றால் சிக்கல் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. பைபர் பாக்ஸில் லாஸ் (எல்ஓஎஸ்) விளக்கு சிவப்பாக எரிந்தால் சிக்னல் வரவில்லை, வயர் எங்கோ அறுந்திருக்கலாம். இணைப்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டு டீ குடிக்கலாம். 8.8.8.8 பதில் சொல்கிறது, பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்றால் அது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை. அதற்கு 53-ஆம் போர்ட் வேண்டும். தகவல் போகும் இரு முறைகளான யூடிபி, டிசிபி இரண்டிலும்.

பிங் விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பதில் வரவில்லை என்றாலே அந்தச் சிஸ்டம் அணைந்து கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கைப் பல நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒரே லேனில் இருக்கும் சிஸ்டம் என்றால் இதைத் தெளிவாக்க நல்ல வழி ஒன்று உண்டு. பிங் அடித்த கையோடு, ஏஆர்பி என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஏ எழுத்தும் சேருங்கள். வரும் பட்டியலில் அந்த ஐபிக்கு நேராக ஆறு ஜோடி எண்ணெழுத்து கொண்ட மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) இருந்தால், சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது. பேசாமல் இருப்பது ஃபயர்வால். ஒன்றுமே இல்லை என்றால் கேபிளைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்த ஒரு சோதனை எனக்கு எத்தனையோ மத்தியானங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மௌனமா, மறுப்பா?

பிங் தாண்டியதும் போர்ட்டைச் சோதிக்க வேண்டும். பவர்ஷெல்லில் டெஸ்ட், சிறு கோடு, நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளை இருக்கிறது. சர்வர் ஐபியும் போர்ட் எண்ணும் கொடுத்தால் போதும். கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் வரும். ஃபால்ஸ் வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஃபால்ஸ் சொன்னது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓரிரு வினாடியில் தோற்றால் அது மறுப்பு. எதிர்ச் சிஸ்டம் பாக்கெட்டை வாங்கி, "அப்படி யாரும் இங்க இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டது. வழி திறந்துதான் இருக்கிறது. உள்ளே மென்பொருள் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. இருபது வினாடி போல இழுத்தடித்துத் தோற்றால் அது மௌனம். அனுப்பியதை யாரோ வாங்கிக் கீழே போட்டுவிட்டார்கள். ஃபயர்வாலின் வழக்கமான குணம் இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் தெரியாமல் நான் ஆரம்பக் காலத்தில் நிறைய அலைந்திருக்கிறேன். விண்டோஸ் ஃபயர்வால் ஓடும் சிஸ்டத்தில், கேட்கிற போர்ட்டில் மென்பொருளே இல்லாவிட்டாலும் மறுப்பு வராது, மௌனம்தான் வரும். இதை ஸ்டெல்த் மோடு என்பார்கள்; எந்தப் போர்ட்டில் என்ன இருக்கிறது என்று வெளியாள் தட்டித் தட்டிப் பார்க்காமல் இருக்க வைத்த ஏற்பாடு. ஆகவே மௌனம் என்றதும் ரூல் எழுத ஓடாதீர்கள். முதலில் சர்வரில் உட்கார்ந்து, நெட்ஸ்டாட் என்று அடித்து, சிறு கோடுடன் ஏ, என், ஓ மூன்று எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். உங்கள் போர்ட் எண்ணுக்கு நேராக லிசனிங் என்று இருக்க வேண்டும். இருந்தாலும் முன்னால் இருக்கும் முகவரியைக் கவனியுங்கள். 0.0.0.0 என்றால் எல்லோருக்கும் காது கொடுக்கிறது. 127.0.0.1 என்றால் அது அந்தச் சிஸ்டத்துக்குள் மட்டுமே கேட்கும். நீங்கள் ஃபயர்வாலில் எத்தனை ரூல் போட்டாலும் வெளியே இருப்பவர் குரல் எட்டாது. அதை மென்பொருளின் செட்டிங்கில்தான் மாற்ற வேண்டும்.

"நெட் வருது தம்பி, பில்லிங் சர்வர் மட்டும் கிடைக்கல"

கடைகளில் அதிகம் பார்ப்பது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடையிலிருந்து காலை பத்து மணிக்குப் போன். கல்லா மேசையில் இருக்கும் சிஸ்டம்தான் சர்வர். அதில் பில் போடுகிறது. மற்ற இரண்டு கவுண்டரிலும் போடவில்லை. கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, கையால் பில் எழுதுகிறார்கள். போனதும் சோதித்தேன். மௌனம். சர்வரில் நெட்ஸ்டாட் பார்த்தேன். லிசனிங், 0.0.0.0. சரி, விண்டோஸ் ஃபயர்வால்தான் என்று அந்தப் போர்ட்டுக்கு அனுமதி ரூல் ஒன்று எழுதினேன். வரவில்லை. மென்பொருள் பெயரைச் சொல்லி இன்னொரு ரூல். வரவில்லை. ஒரு மணி நேரம் போய்விட்டது.

அப்போதுதான் கல்லாவில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "அக்கா, காலையில சிஸ்டத்துல ஏதாவது வந்துச்சா?"

"சாப்ட்வேர்காரங்க ராத்திரி அப்டேட் போட்டாங்க தம்பி. காலையில திறந்ததும் ஒரு கட்டம் வந்துச்சு. என்னமோ இங்கிலீசுல கேட்டுச்சு. கூட்டமா இருந்துச்சுன்னு கேன்சல் கொடுத்துட்டேன்."

அதுதான். புதிதாக ஒரு மென்பொருள் வெளியிலிருந்து வரும் தொடர்புக்குக் காது கொடுக்க முயன்றால் விண்டோஸ் ஃபயர்வால் ஒரு கட்டம் போட்டு அனுமதி கேட்கும். கேன்சல் கொடுத்தால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அர்த்தமில்லை. அந்த மென்பொருளின் பெயரில் டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று என்று தடை ரூல்களை அது எழுதி வைத்துவிடும். விண்டோஸில் தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். நான் பத்து அனுமதி ரூல் எழுதியிருந்தாலும் அந்த இரண்டு தடைகளுக்கு முன்னால் செல்லாது.

பார்க்க வேண்டிய இடம் இது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டபிள்யூ, எஃப், புள்ளி, எம், எஸ், சி என்று அடித்தால் ஃபயர்வாலின் விரிவான திரை திறக்கும். இடது பக்கம் இன்பவுண்ட் ரூல்ஸ். பச்சை டிக் போட்டவை அனுமதி. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்டவை தடை. ஆக்‌ஷன் என்ற பத்தியின் தலைப்பைத் தட்டினால் தடைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கடையில் பில்லிங் மென்பொருளின் பெயரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டையும் நீக்கினேன். இரண்டாவது கவுண்டரில் நின்ற பையன் "வந்துருச்சுண்ணே!" என்று கத்தினான். நான் வீணாக எழுதிய ரூல்களில் ஒன்றை அழித்து, ஒன்றை மட்டும் வைத்தேன்.

வைத்த ரூலையும் அப்படியே விடவில்லை. ரூலின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்கோப் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ரிமோட் ஐபி என்ற இடத்தில் லோக்கல் சப்நெட் கொடுத்தால் கடைக்குள் இருக்கும் சிஸ்டங்களுக்கு மட்டும் வாசல் திறக்கும். இதற்கு அரை நிமிடம் ஆகும். பெரும்பாலான ஆட்கள் இதைச் செய்வதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கடையில் தனி ஃபயர்வால் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே கணக்கு வேறு. பெரும்பாலான பெட்டிகள் ரூல்களை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துவது எதுவோ அதோடு முடிந்தது. மேலே ஒரு பொதுத் தடை இருந்தால் கீழே இருக்கும் அனுமதியை அது படிக்கவே படிக்காது. விண்டோஸில் பழகியவர் பெட்டியில் தடுமாறுவதும், பெட்டியில் பழகியவர் விண்டோஸில் தடுமாறுவதும் இந்த வேறுபாட்டால்தான்.

ரூல்கள் எல்லாம் சரி, ஆனாலும் மௌனம் என்றால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஃபயர்வால் செட்டிங்கில், அனுமதிப் பட்டியலில் உள்ளவை உட்பட உள்வரும் எல்லாத் தொடர்பையும் தடு என்று ஒரு டிக் உண்டு. யாராவது அதைப் போட்டிருந்தால் எந்த அனுமதியும் எடுபடாது. மற்றது ஆன்டிவைரஸ். ஓர் ஆண்டு சந்தா முடிந்து, புதுப்பிக்கச் சொல்லித் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸ் கூட தன் ஃபயர்வாலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் இப்போது காவல் யார் கையில் என்று தெரியும்.

"புது பாக்ஸ் மாட்டினாங்க, அன்னையிலருந்து பிரிண்டர் அடிக்கல"

இணைப்பு மாற்றினார்கள், ரவுட்டர் மாறியது. நெட் ஜோராக வருகிறது. பிரிண்டரும் ஷேர் ஃபோல்டரும் மட்டும் போய்விட்டன. இதில் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

விண்டோஸ் ஃபயர்வாலுக்கு டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று முகம் உண்டு. ரவுட்டர் மாறினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். பழகாத இடம் என்று பப்ளிக் முகத்தைப் போட்டுக்கொள்ளும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத வைஃபையில் உட்கார்ந்திருப்பது போல எண்ணி ஃபைல் ஷேர், பிரிண்டர் ஷேர் இரண்டையும் மூடிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் போய், அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு சிஸ்டத்திலும் மாற்ற வேண்டும்; சர்வரில் மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்களால்தான் மறுநாளும் போன் வருகிறது.

மொபைலிலிருந்து மட்டும் பிரிண்டர் தெரியவில்லை என்றால் அந்த மொபைல் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். வாடிக்கையாளருக்காக வைத்த வைஃபை கடைச் சிஸ்டங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது தனியாக இருக்கிறது. அது பிழை அல்ல. மொபைலைக் கடை வைஃபைக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

"கரண்ட் போய் வந்ததும் ஒண்ணொண்ணா புடுங்கிக்கிச்சு"

மாதப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரம் நின்றால் சாயங்காலம் எனக்கு வேலை கூடும். திரும்பி வரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரவுட்டர் எழுவதற்குள் சிஸ்டங்கள் எழுந்து முகவரி கேட்கின்றன. ரவுட்டரும் பழைய கணக்கை மறந்திருக்கலாம். நேற்று 192.168.1.10 ஆக இருந்த சர்வர் இன்று 192.168.1.14 ஆகிவிடுகிறது. கவுண்டர்கள் 10-ஐத் தேடுகின்றன. ஃபயர்வால் ரூலும் 10-க்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பார்ப்பவருக்கு ஃபயர்வால் கெட்டுப்போன மாதிரி தெரியும். சர்வர், பிரிண்டர், கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் இந்த மூன்றுக்கும் ரவுட்டரில் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். மேக் முகவரியைக் கொடுத்தால் ரவுட்டர் என்றைக்கும் அதே எண்ணைத் தரும்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருள் மேல் ஓடும் பில்லிங் மென்பொருளில் இன்னொரு தொல்லை. 1433-ஐத் திறந்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். தனிப் பெயருடன் நிறுவப்பட்ட எஸ்க்யூஎல், குறிப்பாக எக்ஸ்பிரஸ் பதிப்பு, இயல்பாக 1433-இல் இருப்பதில்லை. தொடங்கும்போது கிடைக்கிற ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும், மறுபடி தொடங்கும்போது அது மாறவும் கூடும். எந்தப் போர்ட் என்று கவுண்டருக்குச் சொல்வது யூடிபி 1434-இல் இருக்கும் பிரவுசர் சர்வீஸ். நேற்று யாரோ பார்த்து அந்த நாள் எண்ணுக்கு ரூல் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இன்று எண் வேறு. எஸ்க்யூஎல்லின் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி போர்ட்டை ஒரே எண்ணாக நிறுத்திவிட்டு அதற்கு ரூல் எழுதுவதே உருப்படியான வழி.

இன்னொன்று, கரண்ட் போய் வந்தபின் ஜிஎஸ்டி தளம், பேங்க் தளம் எல்லாமே பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன, ஃபயர்வால்தான் தடுக்கிறது என்பார்கள். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய சிஸ்டத்தில் மதர்போர்டின் காசு பேட்டரி செத்துப்போயிருந்தால் கரண்ட் போனதும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

"சாப்பிட்டு வந்து உட்கார்ந்தா ஹேங் ஆகி நிக்குது"

காலை முழுக்க ஓடுகிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் யாரும் தொடவில்லை. வந்து என்டர் தட்டினால் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. ஒரே கடைக்குள் ஒரே லேனில் இப்படி என்றால் ஃபயர்வாலை விட்டுவிடுங்கள். சிஸ்டம் தூங்கிப்போகிறதா, மின்சாரம் மிச்சப்படுத்த நெட்வொர்க் கார்டை அணைக்க அனுமதி கொடுத்திருக்கிறதா என்று டிவைஸ் மேனேஜரில் பாருங்கள்.

மேலூர் கிளையிலிருந்து மதுரை சர்வருக்கு, அல்லது கடையிலிருந்து கிளவுட் சர்வருக்கு என்றால் நடுவில் இருக்கும் ரவுட்டரும் ஃபயர்வாலும்தான் காரணம். ஒவ்வொரு தொடர்புக்கும் அவை ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட நேரம் பேச்சே இல்லை என்றால் அந்த வரியை அழித்துவிடும். பல பெட்டிகளில் அந்த நேரம் 1 மணி. சில மலிவு ரவுட்டர்களில் அதைவிடக் குறைவு. அழித்ததை இரண்டு பக்கத்துக்கும் சொல்வதில்லை. நீங்கள் வந்து தட்டும்போது, "இந்தத் தொடர்பு எனக்குத் தெரியாது" என்று பாக்கெட்டைப் போட்டுவிடுகிறது. கீப்அலைவ் என்ற உயிர்த்துடிப்பு இதற்காகவே இருக்கிறது என்றாலும் விண்டோஸில் அதன் இயல்பு இடைவெளி 2 மணி நேரம். அதற்கு முன்பே வரி அழிந்துவிடுகிறது. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தரக் குறிப்பு, நேட் செய்யும் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும்) கருவிகள் இந்த நேரத்தை 2 மணி 4 நிமிடத்துக்குக் குறைத்து வைக்கக் கூடாது என்று சொல்வது இதை நினைத்துத்தான். பெட்டியில் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். அல்லது மென்பொருளில் கீப்அலைவ் வசதி இருந்தால் 5 நிமிடம் என்று வையுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. நடுவில் எத்தனை பெட்டி வந்தாலும் அது தாங்கும்.

"சில சைட் தொறக்குது, சிலது சுத்திக்கிட்டே கெடக்கு"

பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது, சில தளம் பட்டென்று வருகிறது. வேறு சில தளங்களில் தலைப்பு வரும், உடம்பு வராது. மெயில் போகும், இணைப்புக் கோப்பு வைத்தால் போகாது. இந்தச் சாயல் தெரிந்தால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, நினையுங்கள்.

சாதாரண லேனில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் அதற்கே போய்விடும், மிச்சம் 1492. பெரிய பாக்கெட் வந்து இடிக்கும்போது, "சின்னதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் முறை) வழியாகச் செய்தி திரும்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டை அனுப்பி அனுப்பி ஓய்ந்துவிடுகிறார். சோதிக்க, பிங்கோடு சிறு கோடு எஃப், சிறு கோடு எல், 1464 சேர்த்து 8.8.8.8-க்கு அடியுங்கள். அது போய், 1472 போகாவிட்டால் உங்கள் பாதை 1492 (பிங்கின் தலைப்பு 28 பைட் சேர்த்து). ரவுட்டரில் எம்டியூ 1492 என்று வைத்து, எம்எஸ்எஸ் கிளாம்ப் என்ற வசதி இருந்தால் 1452 என்று போடுங்கள். ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்த ரூலையும் எடுத்துவிடுங்கள். பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். மற்ற ஐசிஎம்பி செய்திகள் இல்லாமல் நெட் ஒழுங்காக ஓடாது.

"வீட்டிலருந்து கடை கேமரா பார்க்க முடியல"

ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பும் ஏற்பாடு) செய்தாயிற்று, கடைக்குள் தெரிகிறது, வெளியில் தெரியவில்லை. ரவுட்டரின் வான் (வெளி இணைப்பு) பக்கத்தைத் திறந்து அங்கே இருக்கும் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது ஓர் எண்ணில் தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு வெளியே இணைப்புக்காரரின் இன்னொரு பெரிய ரவுட்டர் இருக்கிறது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பங்கு போடும் ஏற்பாடு அது. அதற்கென்றே 2012-இல் அந்த எண்வரிசையை ஒதுக்கினார்கள். வெளி வீதிக் கதவு உங்கள் கையில் இல்லை. உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் நடக்காது. தனி ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் கட்டலாம்.

ஆனால் கட்டிவிட்டு டிவிஆரின் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2016-இல் மிராய் என்ற நிரல் கையில் எடுத்துக்கொண்டது இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால் பெயரும் பாஸ்வேர்டும் அடங்கிய ஒரு சிறு பட்டியலே அதற்குப் போதுமாக இருந்தது. அதே போல 3389-ஆம் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி போட்டு உள்ளே வாருங்கள்.

இரண்டு இணைப்பு வைத்திருக்கும் கடைகளில் பேங்க் தளம் பாதியில் வெளியே தள்ளினால், ரவுட்டர் இரண்டு இணைப்பிலும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. பேங்க் பார்வையில் ஒரே ஆள் இரண்டு ஐபியிலிருந்து வருகிறார். அந்தத் தளங்களை ஒரே இணைப்பில் போகும்படி ரவுட்டரில் கட்டிவிடுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

லாக்கை, அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக எதையும் எழுதி வைப்பதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். சர்வரில், முன்பு சொன்ன விரிவான திரையில், மேலே ப்ராப்பர்ட்டீஸ், உங்கள் நெட்வொர்க்கின் முகத்துக்கான (பிரைவேட் போல) பக்கம், லாகிங், டிராப்டு பாக்கெட்ஸ் என்பதற்கு யெஸ். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் ஃபயர்வால் என்ற ஃபோல்டரில் கோப்பு சேரும். இயல்பு அளவு 4096 கேபி.

இப்போது கவுண்டரிலிருந்து ஒருமுறை முயன்று, மணியைக் குறித்துக்கொண்டு லாக்கின் கடைசிக்குப் போங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, 11:42:07, டிராப், டிசிபி, 192.168.1.24, 192.168.1.10, 51873, 1433. அதாவது 24-ஆம் எண் கவுண்டர் 10-ஆம் எண் சர்வரின் 1433-ஐத் தட்டியது, இந்தச் சிஸ்டத்தின் ஃபயர்வால் அதைக் கீழே போட்டது. ரூலை இங்கே தேடுங்கள். அந்த நேரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்றால், நடுவில் இருக்கும் பெட்டிகளைத் தேடுங்கள். பாக்கெட் இங்கே வந்து சேரவில்லை.

எல்லாம் சரியானபின் சோதனைக்காக நிறுத்தியதை எல்லாம் திரும்ப ஓட விடுங்கள். சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மூன்று கவுண்டரிலும் ஒரு மாதிரி பில் போட்டுப் பாருங்கள். நான் எழுதிய ரூலின் பெயரில் தேதியும் காரணமும் சேர்த்தே எழுதுவேன், "கவுண்டர் 2, 3 பில்லிங்" என்று. அதையே ஒரு தாளில் எழுதி, சர்வர் ஐபியோடு, ரவுட்டர் மாட்டிய பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். அடுத்த முறை வருகிற ஆள் நானாக இல்லாமலும் போகலாம்.